பழைய லின் எல்பி12 டர்ன்டேபிள் வாங்கலாமா, புது டெக்னிக்ஸ் 1200ஜி-க்குப் போகலாமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

இரண்டாம்பக்கம் எழுதியது:

வணக்கம். 11 வருடமாக ஒரே டர்ன்டேபிளில்தான் ரெக்கார்டு கேட்டு வருகிறேன். ரேகா பிளானர் 3. இன்று வரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. இரண்டு முறை பெல்ட் மாற்றினேன், ஒரு முறை கார்ட்ரிட்ஜ் (ஊசி இருக்கும் தலைப்பகுதி) மாற்றினேன், அவ்வளவுதான். 400 ரெக்கார்டு சேர்ந்த பிறகும் அதுவே போதும் என்றுதான் இருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் நண்பர் ஒருவர் வீட்டில் லின் சோன்டெக் எல்பி12 கேட்டேன். என்னிடம் இருக்கும் ஒரு வீணை ரெக்கார்டு அவரிடமும் இருந்தது. எனக்கு மனப்பாடமான ரெக்கார்டு அது. ஒரு மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் நடுவில் கொஞ்சம் வெற்றிடம் இருப்பதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் வீட்டில் கேட்டால் அந்த இடத்தில் தந்தி இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. கமகத்தின் வால் முழுதாகக் கேட்கிறது. வீட்டுக்கு வந்து அதே இடத்தை நாலைந்து முறை போட்டுப் பார்த்தேன். கவனித்துக் கேட்டால் இங்கேயும் இருக்கிறது, ஆனால் தேட வேண்டியிருக்கிறது. அன்றிலிருந்து மனது சரியில்லை.

இப்போது தெரிந்தவர் வழியாக ஒரு எல்பி12 விலைக்கு வந்திருக்கிறது. 1990-களின் நடுவில் வாங்கியதாம். தட்டு சுழல சர்க்கஸ் பேரிங், மோட்டாருக்கு லிங்கோ பவர் சப்ளை, கார்ட்ரிட்ஜைத் தாங்க இட்டாக் ஆர்ம். கார்ட்ரிட்ஜ் இல்லை. கிட்டத்தட்ட அதே செலவில் புது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜி வாங்கிவிடலாம் என்று இன்னொரு நண்பர் சொல்கிறார்.

விமர்சனங்கள் நிறையப் படித்துவிட்டேன். அவை எல்லாம் இரண்டு மாதம் கடன் வாங்கிக் கேட்டவர்கள் எழுதியவை. வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் சொன்னால்தான் எனக்கு உதவும். எல்பி12-ஐ அடிக்கடி செட்டப் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறார்களே, எந்த அளவுக்கு? என் அறை மாடியில் இருக்கிறது, மரத்தளம். நடந்தால் லேசாக அதிரும். பிளானர் 3 ஒரு அலமாரி மேல் இருக்கிறது, இதுவரை ஊசி குதித்ததில்லை.


சுருள்வில் எழுதியது:

நண்பரே, என்னிடம் எல்பி12 வந்து 21 வருடம் ஆகிறது. நானும் பழையதாகத்தான் வாங்கினேன். அப்போது வல்ஹல்லா பவர் சப்ளையோடு இருந்தது, நிமிடத்துக்கு 33⅓ சுற்று மட்டும் ஓடும். பிறகு சர்க்கஸ் பேரிங் போட்டேன், சில வருடம் கழித்து லிங்கோ. ஆர்ம் அன்றும் இன்றும் இட்டாக். நீங்கள் பார்த்திருப்பது ஏறக்குறைய என் வீட்டில் இருப்பதேதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்பி12 எப்படி என்று பொதுவாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. அதை யார் செட்டப் செய்தார், எதன் மேல் நிற்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால்தான் சொல்ல முடியும். ஒரே மாடல், ஒரே பாகங்கள், இரண்டு வீட்டில் இரண்டு விதமாகப் பாடியதைக் கேட்டிருக்கிறேன். காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பிளாட்டர் (ரெக்கார்டு வைக்கும் தட்டு), பேரிங், ஆர்ம் மூன்றும் உள்ளே ஒரே சப்-சேஸிஸில் (உள்சட்டத்தில்) பொருத்தப்பட்டிருக்கும். அந்தச் சப்-சேஸிஸ் மூன்று ஸ்பிரிங்குகளின் மேல் மிதக்கிறது. மோட்டார் அதில் இல்லை, மேல் தகட்டில் தனியாக இருக்கிறது. மோட்டாரையும் பிளாட்டரையும் சேர்ப்பது ஒரு ரப்பர் பெல்ட் மட்டும். மோட்டார் நிமிடத்துக்கு 250 சுற்று, பிளாட்டர் 33⅓. மோட்டாரின் நடுக்கம் ஊசிக்குப் போகக் கூடாது, தரையின் நடுக்கமும் போகக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு. அந்த மூன்று ஸ்பிரிங்கும் சமமாக வேலை செய்தால்தான் இந்த ஏற்பாடு பலிக்கும்.

என் அனுபவம் ஒன்றைச் சொன்னால் புரியும். வாங்கி ஏழாவது வருடம் வீடு மாறினோம். டர்ன்டேபிளைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் என்று ஒருவரை அழைத்து வந்து பொருத்தினேன். பாட்டு வந்தது, ஸ்பீடும் சரியாக இருந்தது. ஆனால் முதல் வாரத்திலிருந்தே ஏதோ ஒன்று குறைவது போல இருந்தது. பாடுபவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாடுவது போல. கார்ட்ரிட்ஜ் தேய்ந்துவிட்டது என்று நினைத்து புதியது வாங்கினேன். கொஞ்சம் பளிச்சென்று ஆனது, ஆனால் சுவர் போகவில்லை. ஸ்பீக்கரை நகர்த்தினேன், ஒயர் மாற்றினேன். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

ஒரு நாள் தூசி துடைக்கும்போது ரெக்கார்டு இல்லாத பிளாட்டரின் நடுவில் விரலால் லேசாக அழுத்தி விட்டேன். அது மேலும் கீழுமாக ஆடி நிற்க வேண்டும். அப்படி ஆடவில்லை. ஆர்ம் இருக்கும் மூலையில் ஏதோ பிடித்து இழுப்பது போல, பிளாட்டர் பக்கவாட்டில் ஒரு வட்டம் போட்டு வெடுக்கென்று நின்றது. உடனே பிளாட்டரைக் கழற்றி, ஆர்மைக் கட்டி, நான்கு மூலையிலும் புத்தகம் அடுக்கி டர்ன்டேபிளை அதன் மேல் ஏற்றி, அடிப்பலகையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆர்மிலிருந்து கீழே வரும் கேபிள் விறைப்பாக இருந்தது. சப்-சேஸிஸில் இருக்கும் சிறிய கிளிப்பில் கேபிளைப் பிடித்த பிறகு, அங்கிருந்து வெளிச்சட்டம் வரை அது தொய்வாக ஒரு வளைவு போட்டுப் போக வேண்டும். இங்கே வளைவே இல்லை. கேபிள் ஒரு கயிறு மாதிரி சப்-சேஸிஸை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் இருந்தும் பயனில்லை. சட்டத்தின் அதிர்வு அத்தனையும் அந்தக் கேபிள் வழியாக நேராக ஆர்முக்குப் போயிருக்கிறது.

கிளிப்பைத் தளர்த்தி, சுண்டுவிரல் நீளத்துக்குக் கேபிளை உள்ளே விட்டேன். மீண்டும் முடுக்கினேன். மூன்று ஸ்பிரிங்கின் நட்டையும் கால் திருப்பு, அரைத் திருப்பாகத் திருப்பி, பிளாட்டர் நேராக எழுந்து நேராக இறங்கும் வரை வைத்துப் பார்த்தேன். அன்று இரவு முதலில் போட்டது தம்புரா சுருதியோடு தொடங்கும் ஒரு ரெக்கார்டு. நாலு தந்தியும் நாலாகக் கேட்டன. ஒன்றின் மேல் ஒன்று வந்து விழுவதும், அப்புறம் அந்த ரீங்காரம் எழுவதும் கேட்டது. பாட்டு தொடங்கும் முன்பே எழுந்து விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு வருடம் நான் கார்ட்ரிட்ஜிலும் ஸ்பீக்கரிலும் தேடியது ஒரு சுண்டுவிரல் நீளக் கேபிளில் இருந்தது. வாங்குவதற்கு முன் இதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். செட்டப் ஒரு முறை சரியாக அமைந்துவிட்டால் அடிக்கடி தொட வேண்டியதில்லை. நான் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன். வீடு மாற்றினால், கார்ட்ரிட்ஜ் மாற்றினால், உடனே பார்க்கிறேன். கார்ட்ரிட்ஜின் எடை மாறினால் அந்தப் பக்க ஸ்பிரிங்கின் பாரமும் மாறும். ஆனால் அந்த ஒரு முறை மிகச் சரியாக இருக்க வேண்டும். உங்களுக்கே செய்யும் ஆர்வம் இருக்க வேண்டும், இல்லையென்றால் நம்பத்தகுந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் உங்கள் மரத்தளம். இதுதான் எனக்குக் கவலை. பிளானர் 3 லேசான, விறைப்பான பலகை. அதில் ஸ்பிரிங் இல்லை. எல்பி12 அப்படி இல்லை. தளம் மெதுவாக அமுங்கி எழும்போது ஸ்பிரிங்கும் சேர்ந்து ஆடும், ஆர்ம் துள்ளும். என் பழைய வீட்டில் சிமெண்ட் தளம், எதுவும் தெரியவில்லை. புது வீட்டில் மரத்தளம். என் மகள் அறையைக் கடந்து போனாலே ஊசி இரண்டு வரி தள்ளிப்போகும். கனமான ஸ்டாண்டு வைத்தேன், இன்னும் மோசமானது. கடைசியில் சுமை தாங்கும் சுவரில் ஷெல்ஃப் அடித்து அதன் மேல் வைத்தேன். அதன் பிறகு இத்தனை வருடத்தில் ஒரு முறைகூடக் குதித்ததில்லை. உங்கள் அறையில் அப்படி ஒரு சுவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஒலியைப் பற்றி நீங்களே கேட்டுவிட்டீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கமகத்தின் வால்தான் எல்பி12. கீழ் ஸ்தாயி இதைவிட அழுத்தமாக வரும் டர்ன்டேபிள்கள் இருக்கின்றன. ஒரு ராகம் எங்கே போகிறது என்று பின்னாலேயே போக வைப்பதில் இதைவிட மேலானதை நான் கேட்கவில்லை.


கருவட்டம் எழுதியது:

சுருள்வில் சார் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஐந்து வருடத்துக்கு முன் இருந்த நிலை ஞாபகம் வந்தது. நானும் ஸ்பிரிங் வைத்த டர்ன்டேபிள் ஒன்று வைத்திருந்தேன், வேறு நிறுவனத்தினுடையது. இப்போது எஸ்எல்-1200ஜி. மாற்றியதற்கு வருந்தவில்லை.

1200 என்றதும் டிஜேக்களின் சாமான் என்று நினைப்பவர்கள் உண்டு. 1972-ல் முதல் 1200 வந்தபோது வீட்டில் கேட்பவர்களுக்காகத்தான் வந்தது, டிஜேக்கள் அப்புறம்தான் எடுத்துக்கொண்டார்கள். 2010-ல் உற்பத்தி நின்றது. 2016-ல் வந்த 1200ஜி வெளித்தோற்றத்தில் மட்டும்தான் பழையது. மோட்டார் புதிது, இரும்பு உட்கரு இல்லாத டைரக்ட் டிரைவ், அதாவது பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுழற்றும். பழைய டைரக்ட் டிரைவ் மோட்டார்களில் காந்தம் ஒவ்வொரு துருவத்தைக் கடக்கும்போதும் சின்னச் சின்னத் தடுக்கல் இருக்கும் என்று சொல்வார்கள் இல்லையா, அந்த உட்கருவையே எடுத்துவிட்டார்கள். பிளாட்டர் பித்தளை, அலுமினியம், ரப்பர் மூன்றும் சேர்ந்தது, 3.6 கிலோ. மொத்த எடை சுமார் 18 கிலோ. பெட்டியிலிருந்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சுருதி. பியானோவில் ஒரு ஸ்வரத்தை அழுத்தி அப்படியே விட்டால், அது தேய்ந்து மறையும் வரை கோடு போட்டது போல நிற்கிறது. நான் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். சுருதி இம்மி அசைந்தாலும் என் காது அங்கேயே நின்றுவிடும், பாட்டுக்குள் போகாது. இதில் அந்தத் தவிப்பு இல்லை.

கார்ட்ரிட்ஜ் பொருத்தும் ஹெட்ஷெல்லைக் கழற்றி மாட்டலாம் என்பது இன்னொரு பெரிய வசதி. மூன்று ஹெட்ஷெல் வைத்திருக்கிறேன். ஒன்றில் மூவிங் காயில் வகைக் கார்ட்ரிட்ஜ், ஒன்றில் தினப்படிக்கு மூவிங் மேக்னட் வகை, மூன்றாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய ரெக்கார்டுகளுக்கு. 1200ஜி-யில் 78 வேகமும் உண்டு. 78-ன் பள்ளம் அகலம், அதற்கு முனை 65 முதல் 75 மைக்ரான் வரை ஆரம் உள்ள ஊசி வேண்டும். 33⅓-ல் ஓடும் எல்பி ரெக்கார்டின் ஊசி 18 மைக்ரான்தான், அதை 78-ல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு இரைச்சல்தான் வரும். என் தாத்தாவின் 78-கள் அறுபது இருக்கின்றன. அவற்றை இதில் கேட்க முடிகிறது என்பதே எனக்குப் போதும். ஆர்ம் உயரத்தை அடியில் இருக்கும் வளையத்தைத் திருப்பியே மாற்றிக்கொள்ளலாம், கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது ஒரு நிமிட வேலை.

குறையும் சொல்லிவிடுகிறேன். சத்தமாக வைத்தால் ஸ்பீக்கரின் கீழ் ஸ்தாயி அதிர்வு சுற்றி வந்து தட்டிலேயே ஏறுகிறது. நான் கனமான கல் பலகை ஒன்றை அடியில் வைத்த பிறகுதான் அடங்கியது. அப்புறம், என் நண்பர்கள் வீட்டு எல்பி12-ல் வரும் அந்த மிதப்பு இதில் வராது. இது தரையில் காலை ஊன்றி நிற்கும் ஒலி. எனக்கு அதுதான் வேண்டும். உங்களுக்கு வீணையில் பிடித்தது அந்த மிதப்பு என்றால், இதை வாங்கிவிட்டு ஏங்காதீர்கள்.


இரண்டாம்பக்கம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சார், நீங்கள் சொன்னதும் மாடிக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். மூன்று பக்கம் பலகைத் தடுப்பு, ஒரு பக்கம் செங்கல் சுவர். நல்ல வேளையாக ஆம்ப்ளிஃபயர் இருப்பது அந்தச் சுவர் பக்கம்தான்.

மேடம், நீங்கள் சொன்ன கடைசி வரிதான் மனதில் நிற்கிறது. எனக்கு வேண்டியது அந்த மிதப்புதான் என்று நினைக்கிறேன். ஆனால் 30 வருடப் பழைய சாமான் என்பது பயமாக இருக்கிறது. நேரில் போய்ப் பார்க்கும்போது என்ன பார்க்க வேண்டும்? பேரிங் தேய்ந்திருந்தால் எப்படித் தெரியும்? லிங்கோ பெட்டிக்கு வயதானால் என்ன ஆகும்?


ஊசிமுனை எழுதியது:

டர்ன்டேபிள் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். எல்பி12 பலது கையில் வந்திருக்கிறது. பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

எல்பி12-ன் பிளாட்டர் இரண்டு துண்டு. வெளித்தட்டை எடுத்தால் உள்தட்டு, அதைச் சுற்றித்தான் பெல்ட் ஓடும். பெல்ட்டை விலக்கிவிட்டு உள்தட்டை நேராக மேலே தூக்குங்கள். அடியில் இருக்கும் தண்டு எண்ணெயோடு வெளியே வரும். தண்டைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நீளவாக்கிலோ வளையமாகவோ நகத்தில் தட்டுப்படும் கீறல் இருக்கக் கூடாது. எண்ணெய் கொஞ்சம் கருத்திருந்தால் பயமில்லை. மின்னும் தூள் மாதிரி இருந்தால் யோசியுங்கள். பிறகு தண்டைத் துளையின் வாயில் நேராக வைத்து கையை விடுங்கள். தடாலென்று விழக் கூடாது. உள்ளே இருக்கும் காற்றும் எண்ணெயும் வழிவிட வழிவிட, தானாக, மெதுவாக அமிழ வேண்டும். அப்படி அமிழ்ந்தால் பேரிங் நன்றாக இருக்கிறது, எண்ணெயும் போதுமான அளவு இருக்கிறது.

பேரிங் போயிருந்தாலும் எல்லாம் போய்விடவில்லை. இந்த மாடலின் நல்ல குணமே, 1970-களில் வந்ததில்கூட இன்றைய பாகம் உட்காரும். 2020-ல் வந்த காரௌசல் பேரிங்கைப் பழையதில் மாட்டலாம். ஆனால் அந்தச் செலவை விலையிலிருந்து குறைத்துக் கேளுங்கள்.

ஆர்ம். பின்னால் இருக்கும் எடையைத் தள்ளி ஆர்ம் மிதக்கும் நிலையில் வைத்துவிட்டு, ஹெட்ஷெல் பக்கம் வாயால் மெல்ல ஊதுங்கள். நடுவில் எங்கேயும் தயங்காமல் போக வேண்டும். ஹெட்ஷெல்லைப் பிடித்து முன்னும் பின்னும் மிக மெதுவாக அசைத்தால் 'டிக்' என்று கையில் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆர்மின் பேரிங்கில் இடைவெளி விழுந்திருக்கிறது. இட்டாக்கைச் சரிசெய்பவர்கள் குறைவு, அந்த ஆர்மோடு வேண்டாம்.

லிங்கோவில் மற்ற எல்லா மின் பெட்டி மாதிரியும் கெப்பாசிட்டர்கள் உலரும். மாற்றிவிடலாம், பெரிய வேலை இல்லை. 33⅓, 45 இரண்டிலும் கால் மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்பீடு பார்க்கும் காகிதத் தட்டு ஒன்று எடுத்துப் போங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 33⅓-க்கு 180 கோடு உள்ளதும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 216 கோடு உள்ளதும் வேண்டும். பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்க வேண்டும். எல்இடி விளக்கில் பார்த்தால் பெரும்பாலும் தெரியாது.

கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது கம்ப்ளையன்ஸை (ஊசி எவ்வளவு இளகி வளையும் என்ற அளவு) பாருங்கள், விலையைப் பார்த்து வாங்காதீர்கள். ஆர்மின் பயனுறு நிறை (ஆர்ம் அசையும்போது ஊசி உணரும் எடை) 12 கிராம், கார்ட்ரிட்ஜும் திருகுகளும் 8 கிராம் என்று வையுங்கள், மொத்தம் 20. கம்ப்ளையன்ஸ் 12 என்றால் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால் 10 ஹெர்ட்ஸ் சொச்சம் வரும், ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக அதிரும் அதிர்வெண் அது. 8-லிருந்து 12-க்குள் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் வளைந்த ரெக்கார்டும் காலடி அதிர்வும் ஆர்மை ஆட்டும். மேலே போனால் பாட்டின் கீழ் ஸ்தாயியில் கை வைக்கும். உங்கள் மரத்தளத்துக்கு இது ரொம்ப முக்கியம்.


சுருள்வில் எழுதியது:

ஊசிமுனை சொன்னது அத்தனையும் சரி. உள்தட்டு அமிழ்வதைப் பற்றி அவர் எழுதியதைப் படித்ததும் எழுந்து போய் என்னுடையதைத் தூக்கி விட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் அது அப்படி இறங்குவதைப் பார்ப்பதே தனிச் சந்தோஷம்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அங்கே ரெக்கார்டு போட்டுக் கேட்கும்போது சுருதி அலைவது போலத் தோன்றினால் உடனே டர்ன்டேபிளைக் குறை சொல்லாதீர்கள். கையில் கடிகாரம் வைத்து எண்ணுங்கள். 33⅓-ல் ஒரு சுற்று 1.8 விநாடி. அலைவு சரியாக அந்த இடைவெளியில் வந்துகொண்டே இருந்தால், அநேகமாக அந்த ரெக்கார்டின் நடுத்துளைதான் விலகியிருக்கிறது. ஆர்ம் இடமும் வலமும் போய்வருவது கண்ணுக்கே தெரியும். அதனால் உங்கள் வீணை ரெக்கார்டையே எடுத்துப் போங்கள். உங்களுக்குத் தெரிந்த ரெக்கார்டு, தெரிந்த இடம்.

பக்கத்தின் கடைசிப் பாட்டையும் கட்டாயம் கேளுங்கள். ரெக்கார்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிள் பக்கத்தில் வரும்போது 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதே பாட்டு பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. கார்ட்ரிட்ஜ் கோணம் ஒரு டிகிரி தவறினாலும் அங்கேதான் 'ஸ', 'ஷ' எல்லாம் கரகரக்கும். விற்பவரிடம் கார்ட்ரிட்ஜ் இல்லை என்கிறீர்கள். உங்கள் பிளானர் 3-ல் இருப்பதைக் கழற்றி எடுத்துப் போய் அங்கே மாட்டிக் கேட்பதுதான் முறை. ஒப்பிடவும் வசதி. கார்ட்ரிட்ஜ் அதே, ரெக்கார்டு அதே, மாறுவது டர்ன்டேபிளும் ஆர்மும் மட்டும்தான். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் அவருடையதாக இருக்கும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசியின் அழுத்தம் பார்க்கும் கையடக்கக் கிராம் அளவையும், கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் அட்டையும் எடுத்துப் போங்கள். இட்டாக்குக்குத் தண்டிலிருந்து ஆர்ம் சுழலும் மையம் வரை 211 மில்லிமீட்டர், ஊசி தண்டைத் தாண்டி 18 மில்லிமீட்டர் போக வேண்டும். முதலில் அந்தத் தூரத்தை வையுங்கள், அப்புறம் அட்டையில் இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள்.


இரண்டாம்பக்கம் எழுதியது:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நாலரை மணி நேரம் இருந்தேன், அவர் முகம் சுளிக்கவில்லை.

உள்தட்டு நீங்கள் இருவரும் சொன்னபடியே இறங்கியது. கையை விட்ட பிறகு பத்து எண்ணுவதற்குள் பாதிகூட இறங்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன். தண்டில் கீறல் இல்லை. ஆர்ம் தயங்கவில்லை. 180 கோடும் நின்றது. ஆனால் பிளாட்டரை அழுத்தி விட்டால் பக்கவாட்டில் ஆடியது. சார் எழுதியதைப் படிக்காமல் போயிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. அவரிடமே கேட்டு அடிப்பலகையைத் திறந்து பார்த்தோம். கேபிள் தொய்வாகத்தான் இருந்தது. ஒரு ஸ்பிரிங்கின் ரப்பர் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. பெல்ட்டும் பளபளத்துப் போயிருந்தது. அதற்காக விலையைக் குறைத்துக்கொண்டார்.

அந்த நிலையிலும் வீணை ரெக்கார்டு போட்டோம். வால் கேட்டது. அவர் ஸ்பீக்கர் என் ஸ்பீக்கரைவிடச் சின்னது, இருந்தும் கேட்டது. வாங்குவது என்று சொல்லிவிட்டேன். செங்கல் சுவரில் ஷெல்ஃப் அடித்தாகிவிட்டது. ஸ்பிரிங், ரப்பர் வளையம், பெல்ட் மூன்றும் சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த வாரம் காரில் எடுத்து வர வேண்டும். எப்படி எடுத்து வருவது?


சுருள்வில் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் நண்பரே.

வெளித்தட்டைத் தனியாக எடுத்துப் போர்வையில் சுற்றுங்கள். உள்தட்டையும் கழற்றி, தண்டைத் துடைத்து, சுத்தமான துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். தண்டு எதிலும் முட்டக் கூடாது. பேரிங் துளையில் எண்ணெய் இருக்கும். வாயை டேப்பால் மூடினாலும் டர்ன்டேபிளைச் சாய்க்கக் கூடாது, தலைகீழாகத் திருப்பவே கூடாது. இல்லையென்றால் முன்பே எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டு, வந்ததும் புது எண்ணெய் விடுங்கள். அதுதான் நல்லது. ஆர்மின் பின்னால் இருக்கும் எடையைக் கழற்றுங்கள், ஆர்மை அதன் கொக்கியில் வைத்து நூலால் ஒரு கட்டு. சப்-சேஸிஸ் ஆடாமல் இருக்க, மேல் தகட்டுக்கும் அதற்கும் நடுவில் அட்டையை மடித்து மூன்று இடத்தில் செருகுங்கள். காரில் பின் சீட்டில் வேண்டாம், சீட்டுக்குக் கீழே தரையில் மட்டமாக வையுங்கள்.

பாகங்கள் வந்ததும் எழுதுங்கள். நட்டைத் திருப்பும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது என்று தோன்றினால், வீடியோ அழைப்பில் நான் இருக்கிறேன். அந்த முதல் ரெக்கார்டை நானும் கேட்க வேண்டும்.